சிறு தோட்டத்துக்கு ஏற்ற குட்டை ஊதாக் கூம்புப்பூ: ரகத் தேர்வு முதல் குளிர்காலப் பாதுகாப்பு வரை

அமெரிக்காவின் நாற்றுப்பண்ணைகளில் கோடைதோறும் பரவலாக விற்பனையாகும் பல்லாண்டுப் பூச்செடிகளுள் ஊதாக் கூம்புப்பூவும் ஒன்று. அந்நாட்டின் புல்வெளிகளிலும் காட்டோரங்களிலும் இயற்கையாக வளரும் இச்செடி, உயரத்தில் குறைந்த புதிய ரகங்களாக இப்போது சிறு வீட்டுத் தோட்டங்களுக்கும் வந்து சேர்ந்துள்ளது. ஆனால், அழகைக் கண்டு விலை கொடுத்து வாங்கிய செடி முதல் குளிர்காலத்தைக்கூடத் தாண்டாமல் அழுகிப்போவதும், பூத்துக் குலுங்கும் செடியைத் தேனீக்கள் சீண்டாமல் விலகிச் செல்வதும் அங்குள்ள தோட்டக்காரர்கள் பலர் சந்திக்கும் ஏமாற்றங்களாகும். இவ்விரண்டுக்குமான காரணங்கள் பெரும்பாலும் ரகத் தேர்விலும் மண்ணின் வடிகாலிலுமே அடங்கியுள்ளன.

குட்டை ஊதாக் கூம்புப்பூ என்றால் என்ன, அதை எங்கே, எப்படி வளர்க்க வேண்டும், வாங்கும்போது எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பதை இத்தொகுப்பு விளக்குகிறது.

ஊதாக் கூம்புப்பூ என்பது என்ன?

எக்கினேசியா பர்ப்யூரியா என்பது இச்செடியின் தாவரவியல் பெயராகும். சூரியகாந்தி, சாமந்தி, துலுக்கச் சாமந்தி ஆகியவை அடங்கிய குடும்பத்தைச் சேர்ந்தது இது. 1753ஆம் ஆண்டில் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதை ருட்பெக்கியா என்ற பேரினத்தில் சேர்த்திருந்தார். 1794ஆம் ஆண்டில் ஜெர்மானியத் தாவரவியலாளர் கோன்ராட் மோன்ச் இதனைத் தனிப் பேரினமாகப் பிரித்து எக்கினேசியா எனப் பெயரிட்டார். முள்ளெலியையும் கடல் முள்ளெலியையும் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அப்பெயர் பிறந்தது. பூவின் நடுவில் உயர்ந்து நிற்கும் கூம்பின் மீது கூரிய செதில்கள் முட்களைப் போல நீட்டிக்கொண்டிருப்பதே அதற்குக் காரணம்.

நாம் ஒரு பூ என்று காண்பது உண்மையில் பல பூக்களின் தொகுப்பாகும். சுற்றிலும் இதழ்களைப் போல விரிந்திருப்பவை கதிர்ச் சிறுமலர்கள். இவை விதை தருவதில்லை. பூச்சிகளை அழைக்கும் விளம்பரப் பலகையாக மட்டுமே செயல்படுகின்றன. நடுக் கூம்பில் நூற்றுக்கணக்கான சிறுமலர்கள் சுருள் வரிசையில் நெருக்கமாக அமைந்துள்ளன. தேனும் மகரந்தமும் விதையும் இவற்றில்தான் உண்டு. இவை கூம்பின் அடிவிளிம்பிலிருந்து உச்சியை நோக்கி வரிசை வரிசையாக நாள்தோறும் மலர்கின்றன. ஆகவே ஒரே பூத்தலை பல நாட்களுக்குத் தேனீக்களுக்கும் பட்டாம்பூச்சிகளுக்கும் தொடர்ந்து உணவளிக்கிறது.

இது பல்லாண்டுச் செடி. குளிர்காலத்தில் தரைக்கு மேலுள்ள பகுதி முழுவதும் காய்ந்துவிட்டாலும் வேரும், தண்டு வேரோடு சேரும் அடிப்பகுதியும் உயிருடன் இருந்து, வசந்த காலத்தில் மீண்டும் தளிர்க்கும். அமெரிக்க வேளாண் துறை, ஆண்டின் மிகக் குறைந்த வெப்பநிலையின் சராசரியைக் கொண்டு நாட்டை மண்டலங்களாகப் பிரித்துள்ளது. அவற்றுள் 3 முதல் 8 வரையிலான மண்டலங்களுக்கு இச்செடி ஏற்றது. மூன்றாம் மண்டலத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 34 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை இறங்கக்கூடும். அத்தகைய கடுங்குளிரையே தாங்கும் செடி, அதைவிட மிதமான இடங்களிலும் இறந்துபோவது ஏன் என்ற கேள்விக்கான விடையைப் பின்னர் காணலாம்.

குட்டை ரகங்கள் எவ்வாறு உருவாயின?

இயற்கையில் ஊதாக் கூம்புப்பூ 2 அடி முதல் 4 அடி வரையிலும், வளமான இடத்தில் அதற்கு மேலும் வளரும். சுற்றிலும் உயர்ந்த புற்கள் நிறைந்த வெளியில் இந்த உயரம் தேவையானது; அருகிலுள்ள புற்களே செடிக்குத் தாங்கலாகவும் அமையும். ஆனால் தனித்த பாத்தியில், வளமான மண்ணில் வளரும்போது பெருமழைக்கும் காற்றுக்கும் தண்டுகள் சாய்ந்துவிடுகின்றன. வீட்டுமனைகளும் பாத்திகளும் சுருங்கிய நிலையில், ஒன்றரை அடி முதல் 2 அடி வரை மட்டுமே வளரும் செடிகளுக்குத் தேவை ஏற்பட்டது.

இதற்கு முதலில் உதவியது இயற்கையாகத் தோன்றும் வேறுபாடுதான். விதையிலிருந்து எழும் நூற்றுக்கணக்கான நாற்றுகளில் சில மட்டும் குட்டையாக இருக்கும். அவ்வாறு வட கரோலினா மாநிலத்தில் கண்டெடுக்கப்பட்டுப் பெருக்கப்பட்ட ரகமே ‘கிம்ஸ் நீ ஹை’. முழங்கால் உயரம் என்ற பொருள் தரும் அதன் பெயரே அதன் அளவைக் கூறிவிடுகிறது.

அடுத்தது கலப்பினம். சிகாகோ தாவரவியல் பூங்கா, வெவ்வேறு கூம்புப்பூ இனங்களைக் கலந்து ‘மெடோபிரைட்’ என்ற வரிசையை உருவாக்கியது. அவற்றுள் ‘பிக்ஸி மெடோபிரைட்’ என்ற ரகம் ஏறத்தாழ ஒன்றரை அடி உயரமே வளரும். ஊதாக் கூம்புப்பூவுடன், இயற்கையிலேயே உயரம் குறைந்த டென்னசி கூம்புப்பூ, குறுகிய இலைக் கூம்புப்பூ ஆகியவை இதன் பெற்றோராகும்.

மூன்றாவது, விதையிலிருந்தே வளர்க்கக்கூடிய குட்டை ரகம். ‘பவ்வாவ் வைல்ட் பெர்ரி’ என்ற அடர் ரோஜா ஊதா நிற ரகம் 2010ஆம் ஆண்டில் ‘ஆல் அமெரிக்கா செலக்‌ஷன்ஸ்’ விருதைப் பெற்றது. 20 முதல் 24 அங்குலம் வரை வளரும் இது, விதைத்த முதல் ஆண்டிலேயே பூக்கும் என்பது குறிப்பிடத்தக்கது. வழக்கமான ஊதாக் கூம்புப்பூவை விதையிலிருந்து வளர்த்தால் பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான் பூக்கும்.

கடையில் குட்டை, தோட்டத்தில் நெட்டை

தொட்டியில் குட்டையாக இருப்பதெல்லாம் குட்டை ரகம் அல்ல. பூத்தொட்டிகளை வணிக அளவில் வளர்ப்போர், செடி நெடிது வளர்வதைத் தடுக்கும் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்துகளைத் தெளிப்பதுண்டு. லாரியில் ஏற்றவும் கடையில் அடுக்கவும் இது வசதியானது. மருந்தின் விளைவு தீர்ந்த பிறகு, அடுத்த ஆண்டில் அச்செடி தன் இயல்பான உயரத்துக்கு வளர்ந்துவிடும். ஆகவே, கண்ணால் காணும் உயரத்தை நம்பாமல், பெயர்ச்சீட்டில் உள்ள ரகத்தின் பெயரையும் முழு வளர்ச்சியின்போதான உயரத்தையும் படித்துப் பார்ப்பதே பாதுகாப்பானது.

மறுபுறம், நெட்டை ரகத்தையே வைத்திருப்பவர்களும் உயரத்தைக் குறைக்க வழி உண்டு. அமெரிக்கத் தோட்டங்களில் மே மாத இறுதி அல்லது ஜூன் மாதத் தொடக்கத்தில், மொட்டு விடுவதற்கு முன்னர், தண்டுகளைப் பாதி உயரத்துக்கு வெட்டி விடுகின்றனர். இதனால் பக்கக் கிளைகள் அதிகரித்து, செடி அடர்த்தியாகவும் குட்டையாகவும் அமைகிறது. பூப்பது மட்டும் சில வாரங்கள் தள்ளிப்போகும். ஒரு பாத்தியில் உள்ள செடிகளில் பாதியை மட்டும் இவ்வாறு வெட்டிவிட்டால், முதலில் ஒரு பகுதியும் பின்னர் மறுபகுதியுமாகப் பூக்காலம் நீள்வது இதன் கூடுதல் பயன்.

வெயிலும் மண்ணும்

ஊதாக் கூம்புப்பூவுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 6 மணி நேர நேரடி வெயில் தேவை. 8 மணி நேரம் கிடைத்தால் மேலும் நன்று. நிழலில் நட்டால் செடி ஒளியைத் தேடி நீண்டு, மெலிந்து, சாய்ந்துவிடும். குட்டை ரகம் என்று வாங்கியதன் நோக்கமே அப்போது வீணாகிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களைப் போன்ற வெப்பம் மிகுந்த பகுதிகளில் பிற்பகலில் மட்டும் சிறிது நிழல் விழுவது தீங்கல்ல.

மண்ணைப் பொறுத்தவரை, அதிக வளத்தைவிட நல்ல வடிகாலே முதன்மையானது. கார அமிலத் தன்மை 6 முதல் 7 வரை இருந்தால் போதும். கடுங்குளிரைத் தாங்கும் செடி ஏன் இறக்கிறது என்ற கேள்விக்கான விடையும் இங்குதான் உள்ளது. உறங்கு நிலையில் உள்ள வேர் நீரை உறிஞ்சுவதில்லை. பனி உருகி, மழை பெய்து, களிமண்ணில் நீர் வடியாமல் வாரக்கணக்கில் தேங்கும்போது, காற்று கிடைக்காத வேரும் அடிப்பகுதியும் பூஞ்சைகளுக்கு இரையாகி அழுகுகின்றன. வசந்தத்தில் தளிர் வராத செடியைத் தோண்டிப் பார்த்தால், கருத்துக் கொழகொழத்த அடிப்பகுதியே பெரும்பாலும் காணப்படும். அச்செடிகளில் பெரும்பாலானவற்றை மாய்த்தது குளிரன்று, குளிர்கால ஈரமே.

இதைத் தவிர்க்க, களிமண் நிலத்தில் ஒரு குழியை மட்டும் வெட்டி, அதில் மணலும் உரமும் கலந்த இளகிய மண்ணை நிரப்பி நடுவது பயன் தராது. சுற்றியுள்ள களிமண்ணில் வடிய முடியாத நீர் அந்தக் குழியிலேயே வந்து சேர்ந்து, அது ஒரு தொட்டியாக மாறிவிடும். மாறாக, பாத்தி முழுவதையும் மட்கிய உரம் கலந்து கொத்தி, தரைமட்டத்தைவிட 15 முதல் 20 சென்டிமீட்டர் வரை உயர்த்தி மேட்டுப்பாத்தியாக அமைப்பதே சரியான முறையாகும்.

பாத்தி அமைக்கும் முன்னர் எளிய சோதனை ஒன்றைச் செய்து பார்க்கலாம். ஏறத்தாழ ஓர் அடி ஆழத்துக்குக் குழி வெட்டி, நீர் நிரப்பி வடிய விட வேண்டும். மீண்டும் நிரப்பிய நீர் சில மணி நேரத்தில் வடிந்துவிட்டால் அவ்விடம் ஏற்றது. மறுநாள் வரை நீர் நின்றால், மேட்டுப்பாத்தி இன்றியமையாதது.

நடும் முறை

நடுவதற்கு ஏற்ற காலம் வசந்தமாகும். இலையுதிர் காலத்தில் நட வேண்டியிருந்தால், தரை உறைவதற்குக் குறைந்தது 6 வாரங்களுக்கு முன்னதாகவே நட்டு முடிக்க வேண்டும். வேர் பிடிக்காத செடியை, மண் உறைந்தும் உருகியும் மாறி மாறி விரிந்து சுருங்கும்போது மேலே தள்ளிவிடும். அவ்வாறு வெளியே தலைநீட்டிய வேர் காய்ந்து செடி மடியும்.

தொட்டியிலிருந்து எடுத்த வேர்கட்டி சுற்றிச் சுற்றிப் பின்னியிருந்தால், விரல்களால் மெல்லப் பிரித்துவிட வேண்டும். தொட்டியில் இருந்த அதே ஆழத்தில், அடிப்பகுதி தரைமட்டத்தோடு பொருந்துமாறு நட வேண்டும். ஆழமாகப் புதைத்தால் அழுகல் வரும். குட்டை ரகங்களுக்குச் செடிக்குச் செடி ஒன்றரை அடி வரை இடைவெளி விடலாம். காற்றோட்டம் இருந்தால் இலைகளில் சாம்பல் நோய் குறையும்.

மண்ணின் மீது ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் கனத்தில் இலைச்சருகு அல்லது மரப்பட்டைத் தூளை மூடாக்காகப் பரப்பலாம். ஆனால் தண்டின் அடியைச் சுற்றி ஒரு கைப்பிடி அளவு இடத்தை வெறுமையாக விட்டுவிட வேண்டும்.

முதல் பருவம் முழுவதும், மழை இல்லாத வாரங்களில் ஏறத்தாழ ஓர் அங்குல மழைக்கு ஈடான நீரை வாரத்துக்கு ஒரு முறை ஆழமாகப் பாய்ச்ச வேண்டும். வேர் பிடித்த பிறகு, நீண்ட வறட்சியின்போது மட்டும் நீர் ஊற்றினால் போதுமானது. உரம் அதிகம் தேவையில்லை. வசந்தத்தில் மட்கிய உரத்தை ஒரு மெல்லிய அடுக்காகத் தூவினாலே போதும். தழைச்சத்து மிகுந்தால் இலையும் தண்டும் கொழுத்து, பூக்கள் குறைந்து, குட்டை ரகமே ஆனாலும் சாயத் தொடங்கும்.

விதையா, தூரா?

விதை மூலம் வளர்ப்பது செலவு குறைந்த வழியாகும். ஈரமான மணலில் கலந்து, குளிர்பதனப் பெட்டியில் ஏறத்தாழ 4 வாரங்கள் வைத்திருந்து பின்னர் விதைத்தால் முளைப்பு சீராக இருக்கும். குளிர்காலத்துக்கு முன்னரே தோட்டத்தில் விதைத்துவிட்டால், அப்பணியை இயற்கையே செய்துவிடும். விதையின் மீது மிக மெல்லிய மண்போர்வை போதும். 20 டிகிரி செல்சியசை ஒட்டிய வெப்பத்தில் 10 முதல் 20 நாட்களில் முளைவிடும். ‘பவ்வாவ் வைல்ட் பெர்ரி’ போன்ற ரகங்களுக்கு இந்தக் குளிரூட்டல் தேவையில்லை.

ஆனால், குட்டைக் கலப்பினச் செடியின் விதையை எடுத்து விதைத்தால், பிறக்கும் நாற்றுகள் தாயைப் போலவே குட்டையாக இருக்கும் என்ற உறுதி கிடையாது. கூம்புப்பூக்கள் பெரும்பாலும் வேறொரு செடியின் மகரந்தத்தைப் பெற்றே விதை பிடிப்பதால், அருகிலுள்ள நெட்டை ரகத்தின் தன்மையும் அந்த விதைக்குள் வந்து சேரும். பாத்தியில் தானாக முளைக்கும் நாற்றுகளையும் இதே கண்ணோட்டத்துடன்தான் பார்க்க வேண்டும்.

தாய்ச்செடியின் தன்மை மாறாமல் பெருக்க வேண்டுமெனில், தூர் பிரித்து நடுவதே வழியாகும். மற்ற கூம்புப்பூ இனங்கள் பலவும் ஆணிவேர் கொண்டவை; அவற்றைத் தோண்டினால் செடி நலிந்துவிடும். ஊதாக் கூம்புப்பூவுக்கு நார்வேர்களே இருப்பதால், 3 அல்லது 4 ஆண்டுகளுக்கு ஒரு முறை வசந்தத்தில் தளிர் தலைகாட்டும்போது தூரைத் தோண்டி, ஒவ்வொரு பங்கிலும் வேரும் தளிரும் இருக்குமாறு பிரித்து நடலாம். அடிக்கடி பிரிப்பதும் நல்லதல்ல. செடி பூப்பதை விட்டு இலையை மட்டுமே பெருக்கும்.

பல வண்ணக் கலப்பினங்களில் எச்சரிக்கை தேவை

ஊதாவும் வெள்ளையும் மட்டுமே இருந்த கூம்புப்பூத் தோட்டங்களில் 2004ஆம் ஆண்டில் சிகாகோ தாவரவியல் பூங்காவின் ‘ஆரஞ்சு மெடோபிரைட்’ அறிமுகமானது. ஊதாக் கூம்புப்பூவின் வெள்ளை வடிவத்தை, மிசூரி, ஆர்கன்சா பகுதிகளின் ஓசார்க் மலைப்பகுதியில் வளரும் மஞ்சள் கூம்புப்பூவுடன் கலந்து அது உருவாக்கப்பட்டது. அதைத் தொடர்ந்து ஆரஞ்சு, சிவப்பு, பொன்மஞ்சள் என எண்ணற்ற ரகங்கள் சந்தைக்கு வந்தன. அவற்றுள் பல குட்டையானவை. சில அடுக்குப்பூ வகையைச் சேர்ந்தவை.

இவற்றில் கணிசமானவை ஓரிரு குளிர்காலங்களுக்கு மேல் நிலைக்கவில்லை என்பது அமெரிக்கத் தோட்டக்காரர்களிடையே பரவலாக எழுந்த குறையாகும். மஞ்சள் கூம்புப்பூ, பாறை நிறைந்த வறண்ட சரிவுகளில் வளரும் இனம். அதன் தன்மையைப் பெற்ற கலப்பினங்களுக்கு ஈரக் களிமண் ஒவ்வாது. மேலும், கடையில் நன்கு பூத்த நிலையில் வாங்கப்படும் இளஞ்செடி, தன் வலிமை முழுவதையும் பூவிலேயே செலவிட்டுவிடுகிறது. குளிர்காலத்தைத் தாங்கத் தேவையான வேரும் அடிமொட்டுகளும் அதில் போதிய அளவு உருவாவதில்லை.

எனவே, இத்தகைய ரகங்களை வாங்கி நட்ட முதல் ஆண்டில் பூந்தண்டுகளைக் கிள்ளிவிடுமாறு தோட்டக்கலை வல்லுநர்கள் பலர் அறிவுறுத்துகின்றனர். காசு கொடுத்து வாங்கிய பூவைக் கிள்ள மனம் வராதுதான். ஆயினும், ஒரு பருவப் பூவைத் துறப்பது, பின்வரும் பல ஆண்டுகளின் பூவுக்கான முதலீடு என்றே கொள்ள வேண்டும்.

தேனீக்கு உணவு தருவது எது?

அழகுக்காக மட்டுமின்றி, தேனீக்கள், பட்டாம்பூச்சிகள், பறவைகள் ஆகியவற்றுக்கு உணவளிக்கவும் பலர் இச்செடியை நடுகின்றனர். உள்நாட்டுத் தாவரம் என்ற பெயருடன் விற்கப்படும் அனைத்து ரகங்களும் இந்த நோக்கத்தை நிறைவேற்றுவதில்லை.

அடுக்குப்பூ ரகங்களில், நடுக் கூம்பிலுள்ள சிறுமலர்கள் இதழ்களைப் போன்ற அமைப்புகளாக மாறிவிடுகின்றன. இதனால் தேனும் மகரந்தமும் விதையும் குறைகின்றன. இருக்கும் சிறிதளவையும் பூச்சிகளால் எட்ட முடிவதில்லை. டெலவேர் மாநிலத்தில் உள்ள மவுண்ட் கியூபா தாவரவியல் மையம் 2018 முதல் 2020 வரை 75 வகைக் கூம்புப்பூக்களை அருகருகே வளர்த்து ஆய்வு செய்தது. பூச்சிகளின் வருகையையும் கணக்கெடுத்த அந்த ஆய்வில், அடுக்குப்பூ ரகங்களை நாடி வந்தவை குறைவு என்பது தெரியவந்தது. ஒற்றை அடுக்கு இதழ்களைக் கொண்ட ‘பிகா பெல்லா’ என்ற ரகம் அதில் மிகச் சிறந்தவற்றுள் ஒன்றாக மதிப்பிடப்பட்டது.

உயரம் குறைவது மட்டுமே பூச்சிகளுக்குத் தடையல்ல. பூவின் அமைப்பு மாறுவதே பெரிய தடையாகும். ஆகவே, குட்டை ரகங்களிலேயே நடுக் கூம்பு தெளிவாகத் தெரியும் ஒற்றைப்பூ ரகத்தைத் தேர்ந்தெடுத்தால், சிறு இடத்துக்கான வசதியும் கிடைக்கும், தேனீக்களுக்கான உணவும் இழக்கப்படாது.

வாடிய பூக்களைக் கிள்ளுவதிலும் இதே சமநிலை தேவை. கோடையின் முற்பகுதியில் வாடிய பூக்களை, கீழே உள்ள பக்க மொட்டுக்குச் சற்று மேலாக வெட்டினால் பூக்காலம் நீளும். கோடையின் இறுதியில் அதை நிறுத்திவிட்டு, கூம்புகளை முற்ற விட வேண்டும். மஞ்சள் நிறமுள்ள அமெரிக்க கோல்ட்ஃபிஞ்ச் என்னும் சிறு பறவைகள் கூம்பின் மீது அமர்ந்து விதைகளைக் கொத்தித் தின்பது அந்நாட்டுத் தோட்டங்களில் இலையுதிர் காலத்தின் வழக்கமான காட்சியாகும். காய்ந்த தண்டுகளைக் குளிர்காலம் முழுவதும் விட்டுவைத்து, வசந்தத்தில் தளிர் வரும்போது வெட்டுவது பறவைகளுக்கும், தண்டுகளில் கூடமைக்கும் சிறு காட்டுத் தேனீக்களுக்கும் உதவும்.

உடன் வளர்க்க ஏற்றவை

ஒன்றரை அடி முதல் 2 அடி வரையிலான ரகங்கள் பாத்தியின் முன்வரிசைக்கும் நடுவரிசைக்கும் பொருந்தும். ஒவ்வொன்றாகச் சிதறி நடுவதைவிட, மூன்று அல்லது ஐந்து செடிகளைக் கூட்டமாக நட்டால் பார்வைக்கும் நன்று, பூச்சிகளும் எளிதில் கண்டுகொள்ளும்.

வெயிலையும் வடிகாலையும் விரும்பும் சால்வியா, செடம், மஞ்சள் நிற ருட்பெக்கியா ஆகியவை ஏற்ற துணைச்செடிகள். அமெரிக்கப் புல்வெளிகளைச் சேர்ந்த ‘லிட்டில் புளூஸ்டெம்’ என்ற புல்லைப் பின்னால் நட்டால், கோடையில் நீலம் கலந்த பச்சையாகவும் இலையுதிர் காலத்தில் செம்பழுப்பாகவும் மாறிப் பின்னணியாக அமையும். நாள்தோறும் நீர் கேட்கும் செடிகளை மட்டும் இதனருகே நடுவதைத் தவிர்க்க வேண்டும்.

நோயும் பூச்சியும்

இச்செடியைத் தாக்கும் நோய்களில் மிகக் கடுமையானது ‘ஆஸ்டர் மஞ்சள் நோய்’. பாக்டீரியாவை ஒத்த, செல் சுவரற்ற பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரால் இது ஏற்படுகிறது. தத்துப்பூச்சிகள் சாறு உறிஞ்சும்போது ஒரு செடியிலிருந்து மற்றொரு செடிக்குப் பரவுகிறது. இதழ்கள் நிறமிழந்து பச்சையாகும். கூம்பிலிருந்து இலைக்கொத்துகள் முளைக்கும். செடி முழுவதும் வெளிறிக் குன்றிவிடும். நம் நாட்டில் எள் பயிரில் வரும் பூவிலை நோயும் கத்திரியில் வரும் சிற்றிலை நோயும் இதே வகை நுண்ணுயிரால், இதேபோல் தத்துப்பூச்சிகள் மூலமே பரவுகின்றன.

இந்நோய்க்கு மருந்து கிடையாது. பாதித்த கிளையை மட்டும் வெட்டுவதால் பயனில்லை. நோய் செடி முழுவதும் பரவியிருக்கும். வேரோடு பிடுங்கி அகற்றினால்தான் அருகிலுள்ள செடிகளைக் காக்க முடியும்.

ஆனால், பிடுங்குவதற்கு முன்னர் ஒன்றை உறுதி செய்துகொள்ள வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒரு வகைச் சிலந்திப்பேனும் கூம்பின் மீது இலைக்கொத்து போன்ற வளர்ச்சியை ஏற்படுத்தும். அந்நிலையில் பாதிப்பு பூத்தலையோடு நின்றுவிடும். இலைகள் இயல்பான பச்சையுடன் இருக்கும். பாதித்த பூத்தலைகளை வெட்டி அழித்தாலே போதும், செடியைக் காப்பாற்றிவிடலாம்.

1916ஆம் ஆண்டில் நியூஜெர்சியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஜப்பானிய வண்டுகளும் கோடையில் இதழ்களையும் இலைகளையும் தின்று சேதப்படுத்துகின்றன. அதிகாலையில் அவை மந்தமாக இருக்கும்போது சோப்பு நீர் நிறைந்த பாத்திரத்தில் தட்டிவிடுவது எளிய வழியாகும். பூத்திருக்கும் செடியின் மீது பூச்சிக்கொல்லி தெளித்தால் தேனீக்களும் மடியும் என்பதை மறக்கக்கூடாது.

அழிவின் விளிம்பிலிருந்து மீண்ட குட்டை இனம்

குட்டை ரகங்களின் கதையில் மற்றொரு முக்கியப் பகுதியும் உண்டு. ‘பிக்ஸி’ ரகத்தின் பெற்றோரில் ஒன்றான டென்னசி கூம்புப்பூ, நாஷ்வில் நகரைச் சுற்றியுள்ள சுண்ணாம்புப் பாறை வெளிகளில் மட்டுமே இயற்கையாக வளர்வது. முற்றிலும் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட இந்த இனம் 1960களில் மீண்டும் கண்டறியப்பட்டது. 1979ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வாழிடங்கள் பாதுகாக்கப்பட்டு, புதிய இடங்களில் செடிகள் நிலைநிறுத்தப்பட்டதைத் தொடர்ந்து, 2011ஆம் ஆண்டில் அப்பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இவ்வாறு மீண்ட தாவரங்கள் மிகச் சிலவே.

மற்றொரு இனமான வழுவழு இலைக் கூம்புப்பூ 1992ஆம் ஆண்டில் அதே பட்டியலில் சேர்க்கப்பட்டு, 2022ஆம் ஆண்டில் ஒரு படி குறைவான ஆபத்துப் பிரிவுக்கு மாற்றப்பட்டது. அன்று ஒரு சில பாறை வெளிகளோடு டென்னசி கூம்புப்பூ மறைந்திருந்தால், இன்று தோட்டங்களில் உள்ள அதன் வழிவந்த குட்டை ரகங்களும் பிறந்திருக்காது. காட்டில் வளரும் செடிகளைத் தோண்டி எடுக்காமல், நாற்றுப்பண்ணையில் விதையிலிருந்தோ தூரிலிருந்தோ பெருக்கப்பட்டவற்றை மட்டுமே வாங்க வேண்டும் என்று வலியுறுத்தப்படுவதன் காரணம் இதுவே.

மருந்தாகப் பயன்படுத்தலாமா?

எக்கினேசியா என்ற பெயர் ஹோமியோபதி மருந்துக் கடைகள் வழியாக நம் நாட்டிலும் பலருக்கு அறிமுகமானது. அமெரிக்கப் பெருஞ்சமவெளிப் பழங்குடி மக்கள் குறுகிய இலைக் கூம்புப்பூவின் வேரை நெடுங்காலமாக மருந்தாகப் பயன்படுத்தி வந்தனர். சளி பிடிக்கும் வாய்ப்பை எக்கினேசியா சிறிதளவு குறைக்கக்கூடும் என்றாலும், அதற்கான சான்றுகள் உறுதியாக இல்லை. சாமந்திக் குடும்பத் தாவரங்களால் ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இதுவும் ஒவ்வாமையை உண்டாக்கலாம். அழகுக்காக விற்கப்படும் செடிகளில் பூச்சிக்கொல்லியும் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு மருந்தும் தெளிக்கப்பட்டிருக்கக்கூடும் என்பதால், அவற்றின் இலையையோ வேரையோ கசாயமிட்டுக் குடிப்பது பாதுகாப்பானதல்ல.

வாங்கும் முன் கேட்க வேண்டியவை

முழு வளர்ச்சியில் செடியின் உயரம் எவ்வளவு? பூ ஒற்றை அடுக்கா, பல அடுக்கா? விதையிலிருந்து வளர்ந்ததா, கலப்பினமா? எத்தனை குளிர்காலங்களைக் கடந்த ரகம்? வளரும்போது எந்தெந்த மருந்துகள் தெளிக்கப்பட்டன? இந்த ஐந்து கேள்விகளுக்கும் தெளிவான விடை தரும் விற்பனையாளரிடம் வாங்குவது நல்லது. தொட்டியில் பூ அதிகமாக உள்ள செடியைவிட, அடியில் பல தளிர்களும் உறுதியான வேரும் கொண்ட செடியே சிறந்தது.

வெயில் விழும் மேட்டுப்பாத்தி, ஒற்றைப்பூ கொண்ட குட்டை ரகம், முதல் ஆண்டில் சற்றுப் பொறுமை ஆகிய மூன்றும் அமைந்துவிட்டால், ஊதாக் கூம்புப்பூவுக்கு அதன் பின்னர் அதிகக் கவனிப்பு தேவைப்படுவதில்லை. சில சதுர அடி இடத்தில், கோடையில் தேனீக்களுக்கும் இலையுதிர் காலத்தில் பறவைகளுக்கும் உணவளித்தபடி, ஆண்டுதோறும் அது மீண்டும் தளிர்த்துப் பூக்கும்.